கரிசல் மண்ணில் கடன் வாங்கிக் கட்டிய நூலகம்

பேரூராட்சிச் செயல் அலுவலராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் விதிகளைப் பற்றிப் பேச நான் வரவில்லை. விதிப் புத்தகம் உங்கள் மேசையில் இருக்கிறது. அதைப் புரட்டிப் பார்க்கும் பொறுமையும் இந்த வயதில் உங்களுக்கு இருக்கும். எந்தப் படிவத்தில் எங்கே கையெழுத்துப் போடுவது என்பதை உங்கள் அலுவலக எழுத்தர் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார். நான் சொல்லப்போவது, முப்பது வருடப் பணியில் என்னை மிகவும் தலைகுனிய வைத்த ஒரு தவறைப் பற்றி. அந்தத் தவறு நடந்த ஊரின் மேல் எனக்கு இன்றைக்கும் தீராத பிரியம் இருக்கிறது. இரண்டும் ஒரே கதைக்குள் வருவதால் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, அங்கிருந்து ஒரு மினி பஸ் பிடித்துப் போக வேண்டிய சின்னப் பேரூராட்சி. செயல் அலுவலராக அதுதான் எனக்கு முதல் ஊர். நான் தாமிரபரணிக் கரையில் பிறந்தவள். மண் என்றால் வாய்க்கால் ஓரத்து வண்டல்தான் தெரியும். இந்த ஊருக்கு வந்து இறங்கியபோது கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கறுப்பாகக் கிடந்தது. ஏதோ எரித்துப் போட்ட காடு என்று நினைத்தேன். அதுதான் நிலம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். மழை பெய்தால் அந்த மண் காலை விடாது. கோவில்பட்டியில் வாங்கிய புதுச் செருப்பில் ஒன்று இன்னும் அதற்குள்தான் கிடக்கிறது.

ஊரில் ஒரு கிளை நூலகம் இருந்தது. சொந்தக் கட்டடம் கிடையாது. பேரூராட்சித் தலைவருடைய குடும்பம் தீப்பெட்டி ஆலை நடத்திய குடும்பம். சரக்கு அடுக்கி வைத்திருந்த பழைய கிட்டங்கி ஒன்றை வாடகை வாங்காமல் விட்டிருந்தார்கள். புத்தகத்தைத் திறந்தால் தீக்குச்சி மருந்து வாடை அடிக்கும். அதற்காக ஒருவரும் வராமல் இருக்கவில்லை. சாயங்காலம் ஆலை விட்டதும் பெண்கள் கூட்டமாக வருவார்கள். கையில் ஒட்டிய பசையைத் துவைகல்லில் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது நூலகர் பேச்சிமுத்து போட்ட சட்டம். அவர் தினக்கூலி மாதிரியான சம்பளத்தில் வேலை பார்த்தவர். ஆனால் அந்தக் கிட்டங்கிக்குள் அவர் சொன்னால் சொன்னதுதான். தலைவரே கை கழுவிவிட்டுத்தான் பேப்பர் படிப்பார்.

நான் போய்ச் சேர்ந்த வருடம் தலைவர் வீட்டில் பாகப்பிரிவினை நடந்து, கிட்டங்கி தம்பியின் பங்குக்குப் போய்விட்டது. அடுத்த சித்திரைக்குள் காலி செய்து தர வேண்டும் என்று தம்பி சொல்லிவிட்டார். அவர் பக்கம் நியாயம் இருந்தது, எத்தனை காலம்தான் சும்மா கொடுப்பார். இன்னொரு இடம் ஊரில் இல்லை. இடம் இல்லையென்றால் நூலகத்தை மூடிப் புத்தகங்களைக் கோவில்பட்டிக்கு எடுத்துக்கொள்வோம் என்று மாவட்ட நூலக அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒருமுறை போன நூலகம் திரும்பி வருவது எத்தனை அபூர்வம் என்பது உங்களுக்குப் போகப்போகத் தெரியும்.

பேரூராட்சி வருமானம் தெருவிளக்குக்கும் துப்புரவுக்குமே இழுபறி. கட்ட வேண்டுமானால் கடன்தான். உள்ளாட்சிகளுக்கு நீண்ட காலத் தவணையில் கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்று சென்னையில் இருந்தது. முன்னால் இரண்டு கடை, பின்னால் நூலகம், கடை வாடகையில் தவணையைக் கட்டலாம் என்று நான் ஒரு திட்டம் எழுதினேன். என் திட்டத்தின் மேல் எனக்கு ரொம்பப் பெருமை. மன்றக் கூட்டத்தில் அதை வாசித்து முடித்துவிட்டுக் கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

கைதட்டவில்லை. நான்காவது வார்டு உறுப்பினர் சண்முகத்தாய் எழுந்தார். பெண்களுக்கு இடம் ஒதுக்கி நடந்த முதல் தேர்தலில் ஜெயித்து வந்தவர். தீப்பெட்டிக்கு அட்டை ஒட்டும் வேலையை வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்து வாங்குகிறவர். தெருவில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை அவருக்குத் தெரியும்.

"மூணு நாளைக்கு ஒருக்க வார தண்ணிக்கு நாங்க குடத்தத் தூக்கிட்டு அலையுதோம். அதுக்குக் கடன் வாங்க இங்கன ஒருத்தருக்கும் மனசு வரல. புஸ்தகத்துக்கு வாங்குதீங்க" என்றார்.

அவருக்குத் தலைவர்தான் பதில் சொன்னார். அவர் வியாபாரி, ஆத்திரப்பட்டுப் பேசுகிறவர் இல்லை.

"தாயி, நீ சொல்லுதது நியாயந்தான். ஆனா தண்ணிக்குக் கவர்மெண்டு இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குக் குழாய் போடும். போடலன்னா நாம குடத்தோட ரோட்டுல உக்காருவோம். புஸ்தகத்துக்கு எவனாவது ரோட்டுல உக்காருவானா?"

பன்னிரண்டு உறுப்பினர்களில் ஒன்பது பேர் கை தூக்கினார்கள். சண்முகத்தாய் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. படிப்பின் அருமை தெரியாதவர் என்று மனதுக்குள் ஒரு முத்திரை குத்தினேன். சின்ன வயதில் அதிகாரம் கையில் வந்தால் முத்திரை குத்துவது மிகவும் சுலபமாக இருக்கிறது.

கடன் கிடைத்தது. ஒப்பந்தத்தில் ஊருக்காகக் கையெழுத்துப் போட்டவள் நான். பணம் மொத்தமாக வராது. அஸ்திவாரத்துக்கு ஒரு தவணை, பேஸ்மட்டம் முடிந்ததை அதிகாரி வந்து பார்த்த பிறகு அடுத்த தவணை, அப்புறம் கூரைக்கு. நிதியாண்டு முடிவதற்குள் இரண்டாம் தவணையை வாங்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும். ஆகவே எனக்கு ஒரே அவசரம். ஐப்பசி மழை ஓய்ந்து ஓயாமல் இருக்கும்போதே வேலையை ஆரம்பிக்கச் சொன்னேன்.

ஊருக்கு மேற்கே பேரூராட்சிப் புறம்போக்கு இருந்தது. ஒரு பாதி வெறும் நிலம். மறுபாதியில் சுப்பையா கோனார் என்பவர் பல வருடமாக ஆட்டுப்பட்டி போட்டிருந்தார். ரோட்டோரமாக இருந்த வெறும் பாதியில் கட்டலாம் என்று நான் முடிவு செய்தேன், ஆட்டையும் விரட்ட வேண்டாம், கடைகளுக்கும் ரோட்டு முகம் கிடைக்கும் என்று. கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்த அன்று கோனார் தொரட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து நின்றார். ஆடுகளுக்கு மரத்திலிருந்து தழை இழுத்துப் போடுகிற நீளக் கம்பு அது.

"அம்மா, அங்கன கட்டாதீங்க. கோடையில அந்த எடத்துல எங்குட்டிக எத்தன கால ஒடிச்சிருக்கு தெரியுமா" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன். ஈரமாக, சமமாக, மெழுகிப் போட்டதுபோல் இருந்தது. குட்டி ஆட்டின் கால் மாட்டுவதற்கு அங்கே ஒரு பள்ளம்கூட இல்லை. பக்கத்தில் கட்டடம் வந்தால் பட்டிக்கு இடைஞ்சல், அதனால் மனிதர் ஏதோ சொல்கிறார் என்று புரிந்துகொண்டு, சரி பார்க்கிறோம் என்று சிரித்தபடி அனுப்பிவிட்டேன். நான்கு பேரூராட்சிகளை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்த பொறியாளர் மறுநாள் வந்தார். அவரிடம் கோனார் சொன்னதை நான் சொல்லவே இல்லை. என் தவறு இதுதான். வேறு எதையும் அதன் மேல் ஏற்றிச் சொல்ல வேண்டாம். சொல்லியிருந்தால் அவர் ஒரு குழியாவது கூடுதலாகத் தோண்டிப் பார்த்திருப்பார்.

கரிசல் மண்ணை நீங்கள் கோடையிலும் பார்க்க வேண்டும், மழையிலும் பார்க்க வேண்டும். மழையில் குடித்துக் குடித்து உப்பிக்கொள்ளும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாகப் பிளந்து வாயைத் திறந்துவிடும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சின்னப் பிள்ளையிலிருந்து கேட்டு வளர்ந்த நான், மண் வாயை மூடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து ஒரு ஊரின் காலையே அதற்குள் விட்டேன்.

தை மாதக் கடைசியில் பேஸ்மட்டம் முடிந்தது. பேச்சிமுத்து தினமும் காலையில் வந்து அதைச் சுற்றி நடந்துவிட்டுப் போவார். எந்தச் சுவரில் எந்த அலமாரி என்று கரித்துண்டால் அடையாளம்கூடப் போட்டு வைத்திருந்தார். மாசி போய்ப் பங்குனி பிறந்தது. ஒரு நாள் காலையில் அவர் அலுவலகத்துக்கே வந்து, நீங்கள் கொஞ்சம் வந்து பார்க்க வேண்டும் என்றார். முகத்தைப் பார்த்ததும் என்னவோ ஏதோ என்று கூடவே போனேன். தென்மேற்கு மூலையிலிருந்து கல்கட்டு இரண்டாகப் பிளந்து என் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு ஓடியிருந்தது.

சென்னையிலிருந்து அதிகாரி ஆய்வுக்கு வர இன்னும் நான்கு நாள்தான் இருந்தது.

ஒப்பந்தக்காரருக்கு எந்தக் கலக்கமும் இல்லை. சிமெண்டுப் பாலை ஊற்றி அடைத்து, மேலே பூசி, சுண்ணாம்பு அடித்துவிட்டால் வந்தவருக்குத் தெரியவா போகிறது என்றார். அவர் சொன்னதில் எனக்கு ஆச்சரியமில்லை. பேச்சிமுத்து சொன்னதுதான் என்னை அசைத்தது. அந்த நேர்மையான மனிதர், வாசகர் ஒரு பக்கத்தைக் கிழித்தாலே ஒரு வாரம் பேசாமல் இருக்கிறவர், என் முன்னால் நின்று, முதலில் ஒரு கூரை வரட்டும் மேடம், மற்றதை அப்புறம் சரி பண்ணிக்கொள்ளலாம் என்றார். சித்திரைக்கு அவருக்கு வேறு இடம் இல்லை. அந்தப் புத்தகங்களுக்கும் இல்லை.

உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். பூசிவிடுங்கள் என்று நான் சொன்னேன். ஒரு நாள் முழுக்க அந்த முடிவில்தான் இருந்தேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்கூட. நல்ல காரியத்துக்காகச் செய்கிற தப்பு அப்படித்தான், வயிற்றைக்கூடக் கலக்குவதில்லை.

மறுநாள் பூச்சு வேலையைப் பார்க்க நான் மட்டும் போனேன். காலை வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கொத்தனார்கள் இன்னும் வந்திருக்கவில்லை. கோனாரின் ஆடுகள் பேஸ்மட்டத்தின் நிழலில் படுத்திருந்தன. அவரும் அங்கேயே உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தூக்குச் சட்டியை மூடி வைத்துவிட்டு எழுந்தார். அந்த வெடிப்பை அவரும் பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது. நான் சொன்னேன்லா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு எரிச்சல் வந்திருக்கும், எரிச்சலில் பூச்சு வேலையை முடித்திருப்பேன். அவர் அதைக் கேட்கவில்லை. பேஸ்மட்டத்துக்குப் பத்தடி தள்ளித் தரையில் பிளந்து கிடந்த ஒரு வெடிப்பைக் காட்டினார். தொரட்டியின் அடிப்பக்கத்தை அதற்குள் விட்டார். கம்பு போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. நின்றபின் அதை உருவி என் பக்கத்தில் நிறுத்தி வைத்தார். மண் ஒட்டியிருந்த இடம் என் தோளுக்கு வந்தது. நாங்கள் தோண்டிய அஸ்திவாரம் என் இடுப்புக்குத்தான் வரும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் ஒரு பாதாளத்தையே சுண்ணாம்பால் மறைக்கப் பார்த்திருக்கிறேன். ஊர் பதினைந்து வருடம் தவணை கட்டும், சுவர் ஐந்து வருடம்கூட நிற்காது. அதற்குள் யார் தலையில் விழும் என்பதும் தெரியாது. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அந்தக் கிட்டங்கியில் எத்தனை தலைகள் குனிந்து படித்துக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் பேச்சை அன்றே கேட்டிருக்க வேண்டும் என்று கோனாரிடம் சொன்னேன்.

அவர் தொரட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார். பிறகு சொன்னார்:

"இவன் பட்டிக்காகப் பேசுதான்னு நீங்க நெனச்சீங்க. நெனச்சது தப்பில்லம்மா. பட்டிக்காகவுந்தான் சொன்னேன். இன்னொண்ணும் இருக்கு. பட்டி கெடக்க எடத்துல வெடிப்பே விழாது. முழங்கை ஆழத்துல சுக்கான் பாறை. அதச் சொன்னா எடத்த எடுத்துக்கிடுவீங்கன்னு அத மட்டும் சொல்லாம விட்டுட்டேன்."

அவர் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. வாயை மூடிக்கொண்டு கஞ்சியைக் குடித்திருந்தால் பட்டி அவருக்கே இருந்திருக்கும். என் தவறை நான் ஒத்துக்கொண்ட கையோடு அவருடையதையும் அவர் ஒத்துக்கொண்டார், அவ்வளவுதான். பிறகு வியாபாரத்துக்கு வந்தார். பட்டியை ஓடைக்கு அந்தப் பக்கம் மாற்றிக்கொள்வாராம். கட்டட வேலைக்காகப் போட்ட அடிகுழாய்ப் பக்கத்தில் ஆடு குடிக்க ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டித் தர வேண்டுமாம். அந்தக் குழாயில் வந்தது சப்புத் தண்ணீர், குடிக்க ஆகாது. ஆடும் துணியும் தவிர வேறு யாரும் அதை விரும்ப மாட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டுக் கொத்தனார்கள் வந்ததும் திருப்பி அனுப்பினேன்.

தலைவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கோனார் சொன்னதைப் பொறியாளரிடம் மறைத்ததையும் சொன்னேன். வெடிப்பை மூடாமல் அதிகாரியிடம் காட்டப்போகிறேன் என்றேன். அதிகாரியிடம் காட்டினால் கடன் நின்றுபோகலாம், உங்கள் வேலைக்கும் கேடு வரலாம், தெரிந்துதான் சொல்கிறீர்களா என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். அப்படியானால் நானும் கூட நிற்கிறேன் என்றார்.

அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெயிலுக்குச் சுருக்கிய கண், அதிகம் பேசாத மனிதர். நான் நேராகத் தென்மேற்கு மூலைக்குத்தான் கூட்டிப்போனேன். விரலை விட்டுப் பார்த்தார். கோனாரை அழைத்துத் தொரட்டியை விடச் சொன்னேன், அதையும் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"இதப் பூசி வச்சிருந்தா நான் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பேன். எதுக்கு எங்கிட்டக் காட்டுறீங்க?"

"சார், இந்தக் கட்டடத்த விடக் கடனுக்கு ஆயுசு கூட. இது இடிஞ்ச பிறகும் ஊரு தவணை கட்டணும். அன்னைக்கு ஏன்னு கேட்டா நான் இங்க இருக்க மாட்டேன். இன்னைக்கு இருக்கேன்" என்றேன். குரல் நடுங்காமல் சொன்னேன் என்று உங்களிடம் பீற்றிக்கொள்ள ஆசைதான். நன்றாக நடுங்கியது.

அவர் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. இரண்டாம் தவணையை நிறுத்தி வைத்தார். இடம் மாற்றிப் புது மதிப்பீடு அனுப்புங்கள், மேலிடம் முடிவு செய்யட்டும் என்றார். வீணான பேஸ்மட்டத்துக்கு யார் பொறுப்பு என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும் என்று ஜீப்பில் ஏறும்போது சொன்னார். நியாயமான மனிதர். அன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சித்திரையும் வந்தது. கடன் வரவில்லை. கிட்டங்கியை ஒழித்துக் கொடுக்க வேண்டும். கோவில்பட்டிக்கு லாரி எப்போது அனுப்பலாம் என்று நூலக அலுவலகம் கேட்டது. பேச்சிமுத்து என்னிடம் வருவதையே நிறுத்திவிட்டார். அவர் கண்ணில் விழாமல் நான் வேறு தெரு வழியாக அலுவலகம் போய்க்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு நாள் அலுவலகத்துக்குள் வந்து உட்கார்ந்தவர் சண்முகத்தாய். கடன் வேண்டாம் என்றவர் குத்திக்காட்டத்தான் வந்திருக்கிறார் என்று நான் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் கேட்டது வேறு. புத்தகம் மொத்தம் எத்தனை கட்டு வரும் என்று கேட்டார்.

தீப்பெட்டி அட்டையை வீடுகளுக்குக் கட்டுக் கட்டாகக் கொடுத்து, யார் வீட்டில் எத்தனை என்று ஒரு நோட்டில் புள்ளி வைத்து, வேலை முடிந்ததும் திரும்ப எண்ணி வாங்குவதுதான் அவருடைய அன்றாட வேலை. நூறு வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்தாலும் ஓர் அட்டை குறையாமல் திரும்பி வரும். புத்தகத்தையும் அப்படியே வீட்டுக்கு ஒரு கட்டாகப் போட்டுவிடலாம், கட்டடம் வந்ததும் எண்ணி வாங்கிக்கொள்ளலாம், லாரி வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றார்.

"நான் வேண்டாம்னது கடனத்தான். புஸ்தகத்த இல்ல" என்றார் எழுந்திருக்கும்போது.

அரசாங்கப் புத்தகத்தை அப்படிப் பிரித்துக் கொடுக்க எந்த விதியிலும் இடமில்லை. பேச்சிமுத்து பயந்துபோய்விட்டார். பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஏற்கெனவே நனைந்தவளுக்கு முக்காடு எதற்கு. அட்டைக் கட்டைப் போலவே சணலால் கட்டி, பெண்கள் தலையில் வைத்துக்கொண்டு போனார்கள். கதைக்கட்டு யாருக்கு, சரித்திரக்கட்டு யாருக்கு என்று சண்டைகூட நடந்தது. ஒரு கட்டை முடித்தவர்கள் அடுத்த தெருவில் மாற்றிக்கொண்டார்கள். கூரையே இல்லாத அந்தச் சில மாதங்களில்தான் எங்கள் நூலகம் அதிகமாகப் படிக்கப்பட்டது என்று பேச்சிமுத்து பின்னாளில் வெட்கத்தோடு ஒத்துக்கொண்டார்.

ஆடி பிறந்த பிறகு கடன் நிறுவனத்திலிருந்து சம்மதம் வந்தது. பட்டி இருந்த இடத்தில் தோண்டினோம். கோனார் சொன்ன மாதிரியே முழங்கை ஆழத்தில் சுக்கான் பாறை தட்டியது. பழைய பேஸ்மட்டத்தைப் பிரித்து அந்தக் கல்லையே இதற்குப் போட்டோம். தணிக்கைக்காரர்கள் பின்னால் வந்து, நூலக மதிப்பீட்டில் ஆட்டுத் தொட்டி எதற்கு என்று கேள்வி எழுதியிருந்தார்கள். வாசகர்களின் கால்நடைகளுக்கு என்று பதில் எழுதினேன். அதை ஏன் ஏற்றுக்கொண்டார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அடுத்த தைக்குக் கட்டடம் திறந்தது. கட்டுகள் திரும்பி வந்தன. சண்முகத்தாய் நோட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து எண்ணி வாங்கினார். நான்கு புத்தகம் குறைந்தது. அந்த நான்கும் எந்த வீட்டில் என்று தனக்குத் தெரியும், இன்னும் படித்து முடிக்கவில்லை என்றார்.

கூடவே எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் வந்தது. எச்சரிக்கை கிடைத்தும் பொறியாளரிடம் தெரிவிக்காமல் பொது நிதியை வீணாக்கினேன் என்று எழுதியிருந்தது. அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. வீணான பேஸ்மட்டத்துக்கான செலவை என் சம்பளத்திலிருந்து ஏன் பிடிக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். பிடிக்கலாம் என்றே பதில் எழுதி வைத்திருந்தேன். அப்போது எனக்கு இரண்டு பெண் குழந்தைகள், வீட்டுக்காரருக்கு நிரந்தர வேலை கிடையாது. பிடித்தால் பல வருடத்துக்கு வீட்டில் அடுப்பு எரிவதே சிரமம் என்பதும் தெரிந்தேதான் எழுதினேன்.

அந்த மாத மன்றக் கூட்டத்தில் குறிப்பாணையை வாசிக்க வேண்டியிருந்தது. என்னைப் பற்றிய விஷயம் என்பதால் வெளியே போகிறேன் என்று எழுந்தேன். எழுத்தர் விடுப்பில் இருந்தார். நீங்கள் போனால் தீர்மானத்தை யார் எழுதுவது, உட்காருங்கள் என்றார் தலைவர். உட்கார்ந்து, வாசித்து முடித்தேன். பிறகு சண்முகத்தாய் எழுந்தார்.

"கையெழுத்து இவிய போட்டாவ. வாங்குனது ஊரு. நான் வேண்டாம்னவதான், ஆனா அந்தக் கட்டடத்துக்குள்ள நானுந்தான் போறேன் வாரேன். இவியள மட்டும் கடன்காரியா விட்டுட்டு நாம அங்கன உக்காந்து புஸ்தகம் படிக்க முடியாது. கூட ரெண்டு வருசம் தவணை கட்டுவோம். வீணாப்போன அந்தப் பேஸ்மட்டக் காசையும் ஊருக் கணக்குலயே சேத்து எழுதுங்க."

தண்ணீருக்காகக் குடத்தோடு அலைகிற ஊர் அது. அந்த ஊர் என் தவறைத் தன் கடனாக எடுத்துக்கொண்டது. அந்தத் தீர்மானத்தைப் பார்த்து மேலிடம் சம்பளப் பிடித்தத்தைக் கைவிட்டது. ஒரு வருட ஊதிய உயர்வை மட்டும் நிறுத்தினார்கள், அது எனக்கு நியாயமாக வர வேண்டிய தண்டனைதான். நீங்களும் நாளைக்கு ஏதோ ஒரு ஊருக்காகக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவீர்கள். பேனாவை எடுக்கும் முன்னால் அந்த இடத்தில் ஆடு மேய்க்கிறவரைப் போய்ப் பாருங்கள், கை தூக்காமல் உட்கார்ந்திருப்பவரிடம் ஏன் என்று கேளுங்கள். வேறு யோசனை என்னிடம் இல்லை.

அன்றைக்கு அந்தத் தீர்மானத்தை என் கையாலேயே எழுத வேண்டியிருந்தது. கண்ணீர் மறைத்ததில் வரி கோணிக்கொண்டு போனது. ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் தலைவர். நிமிர்ந்து பார்த்தேன். 'ஏகமனதாக' என்ற சொல்லை நம் வேலையில் எத்தனையோ தடவை யாரையும் பார்க்காமலே எழுதுகிறோம். அன்று பன்னிரண்டு கைகளையும் ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு எழுதினேன்.